எறும்பு வீட்டு விருந்தாளி

எறும்பின் பெருமையை நம் வாசகர்க்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சாலோமோன் அரசன் சோம்பேறியை எறும்பினிடம் பாடங்கேட்க அனுப்பினான். நம் பாட்டிமாரோ, எறும்பு ஊரத் தேயுங் கல்லைக் காட்டிப் பேரப்பிள்ளைகளுக்கு விடாமுயற்சியைப் போதித்தனர். உழைப்பு, ஒற்றுமை, சேமிப்பு என்னும் மூன்றுக்கும் எறும்பையே சான்றாகக் கூறுவது பழைய வழக்கம். இத்துணைப் புகழ்பெற்ற குடும்பத்தார், தம் குழந்தைகளைத் தின்னும் பகைவனைத் தாமே வீட்டிற்குள் தூக்கிச்சென்று, குழந்தைகளின் அறையிலேயே கிடத்தி, குழந்தைகளுக்கு ஊட்டுவதினும் மிகுதியாக அவனுக்கு ஊட்டி வளர்க்கின்றனர் என்று ஒருவர் சொன்னால், கேட்போர் நகைக்கவே செய்வர். ஆயினும் ஐரோப்பியக் காடுகளில் ஆண்டுதோறும் நிகழ்வது இதுவே.

காக்கை தன் கூட்டிற் குயிற்குஞ்சை வளர்ப்பதை நாம் அறிவோம். அதைக் கேட்டு நாம் வியப்பதில்லை. காக்கையின் கூடு திறந்த கூடு, அதற்குக் காவலில்லை, தாய் இரைதேடிப் போயிருக்கும் நேரம் பார்த்துக் குயில் முட்டையிட்டுவிடுகிறது. எறும்புப் புற்று அத்தகையதன்று. அஃது ஆயிரம் வாயிற்காவலரையுடைய கோட்டை. அதே சாதி எறும்பேயாயினும், அடுத்த புற்றைச் சேர்ந்த ஒன்று வழிதவறி நுழையுமாயின், காவலர் அதனை மணத்தால் வேற்றாளென்று கண்டு பிடித்திழுத்துக் கொன்றுவிடுவதுண்டு. இத்தகைய கோட்டைக்குள் ஒரு வண்டு எவ்வாறு புகுந்தது, புகுந்தபின் எவ்வாறு பிள்ளையாயிற்று, அதன் இரகசியத்தை மக்கள் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்பவற்றைச் சிறிது விரித்துரைப்பதே நம் நோக்கம்.

அவ்வண்டு ஸ்டாபிலினிடே என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்து வண்டுகளை ஆங்கிலேயர் 'அலைந்து திரிபவை' என்றும், ஜெர்மானியர் 'குறுஞ்சிறகர்' என்றும் பொருள்படும் பெயர்களால் வழங்குகின்றனர். பின்னதே பொருத்தமான பெயர் என்பது நம் கருத்து. மற்ற வண்டுகளில் முன்சிறகிரண்டும் தடித்து, பெட்டியின் மூடிபோல் முதுகு முழுவதையும் மூடிநிற்கும். இவற்றிலோ அம்மூடி பாதியிலேயே நின்றுவிடும். வயிற்றின் கண்டங்கள் வெளியே தோன்றும். பறப்பதற்குரிய பின்சிறகுகள் பல மடிப்பாக மடிந்து அக்குறுகிய மூடியின்கீழ் அடங்கிக் கிடக்கும். மூடி குறுகியதனால் வயிறு தேளின் வால்போல் விரும்பியவாறெல்லாம் வளையும். இவ்வளைவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. பின்னர் வருவதற்கெல்லாம் அது வேண்டியதாகும். இக்குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் 60,000க்கு மேற்பட்டவை. விலங்குலகில் இதனினும் பெரிய குடும்பங் காண்பது அரிது. மழைக்கால இரவுகளில் விளக்கை நாடி வந்து, கழுத்திலோ கையிலோ நசுங்கினாற் சூடுபட்டதுபோற் கொப்புளிக்கச் செய்யும் செம்மையுங் கருமையுங் கலந்த சிறு பூச்சியை நம் விடுதி மாணவர் பலர் தம் தோலினாலேயே அறிந்திருப்பர். அதுவும் இக்குடும்பத்துப் பூச்சியே.

நாம் எடுத்துக்கொண்ட பேரினத்தின் பெயர் லோமெக்கூஸா. கிராவன்ஹார்ஸ்ட் என்பவர் 1806இல் இப்பெயரை இட்டார். பெயரைப்பற்றி ஓர் எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. பழைய நூல்களில் நம் வண்டு அட்டமெலிஸ் என்னும் பெயரோடும், அதன் நெருங்கிய உறவினமொன்று லோமெக்கூஸா என்னும் பெயரோடும் காணப்படும். பெயரிடும் விதிகளை ஆராய்ந்தபின், லோமெக்கூஸா என்பது நம் வண்டுக்கே உரியதென முடிவாயிற்று. உறவினத்துக்கு லோமெக்கூசாய்டிஸ் என்ற பெயர் வழங்கலாயிற்று. நூலகத்தில் பழைய புத்தகத்தையும் புதிய புத்தகத்தையும் ஒருங்கே விரித்துப் படிக்கும் மாணவர் இதனை அறியாவிடின் மயங்குவர். இக்கட்டுரையில் புதிய பெயர்களையே ஆளுகின்றோம்.

லோமெக்கூஸா இனங்கள் ஐரோப்பா முதல் ஜப்பான் வரை பரந்த வடநிலப் பகுதிகளில் வாழ்வன. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது லோமெக்கூஸா பூபிக்கோலிஸ் என்பது. அரைச் சென்டிமீட்டரளவினதாய், பழுப்பு நிறத்ததாய் இருக்கும் இதனைக் கண்டு யாரும் நின்று நோக்கார். ஆயினும் இதற்கு வீடுகள் இரண்டு. வேனிற்காலத்து வீடு, பைன் முதலிய மரங்களின் ஊசியிலைகளைக் குவித்துக் காட்டெறும்புகள் கட்டும் மேடு. பார்மிக்கா பாலிக்டீனா என்னும் அவ்வெறும்பின் மேடு சில இடங்களில் ஓராள் இடுப்பளவுக்கு மேலும் உயர்ந்து நிற்கும். அதனுள் இலக்கக்கணக்கான எறும்புகள் வாழும். குளிர்காலத்து வீடோ, காட்டிற்கு வெளியே புல்வெளியில் மண்ணுக்குள் வாழும் மிர்மிக்கா என்னும் சிறு செவ்வெறும்பின் வளை. இவ்விரு எறும்புகளும் தொலைவான உறவினரேயன்றி ஒரு வீட்டாரல்லர், வடிவும் வழக்கமும் வேறு, மணமும் வேறு. இவ்விரு வீட்டிலும் நம் வண்டு பிள்ளைபோற் பேணப்படுகிறது.

இவ்வதிசயத்தை உலகறியச் செய்தவருள் முதல்வராக நிற்பவர் ஓர் இயேசு சபைக் குரு. எரிக் வாஸ்மன் என்னும் அப்பெரியார் 1859இல் டிரோல் நாட்டு மெரான் நகரிற் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற ஓவியர். ஹாலந்திலும் லக்ஸம்பர்க்கிலும் வாழ்ந்து, 1931இல் மறைந்தார். கண்ணாடிப் பக்கங்களையுடைய பெட்டிகளில் எறும்புகளைக் குடியேற்றி, அவற்றோடு விருந்தாளிகளையும் விட்டு, பல்லாண்டுகள் இடைவிடாது நோக்கி எழுதிவந்தார். எறும்போடும் கறையானோடும் கூடிவாழும் சிற்றுயிர்களைத் தொகுத்து அவர் 1894இல் வெளியிட்ட அட்டவணையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இடம்பெற்றன. அவ்வுயிர்களை அவர் வகைப்படுத்திய முறை இன்றும் நினைக்கத்தக்கது: எறும்புகளால் துரத்தப்படுவன ஒருவகை; கண்டும் காணாதவாறு பொறுத்துக்கொள்ளப்படுவன ஒருவகை; நக்கியும் ஊட்டியும் தூக்கியும் பேணப்படுவன ஒருவகை. இறுதி வகையையே அவர் மெய்விருந்தினர் என்றார். லோமெக்கூஸாவும் லோமெக்கூசாய்டிசும் மெய்விருந்தினருள் தலையாயவை.

அவர் கண்டது இதுவே. வண்டின் வயிற்றோரங்களில் பொன்னிற மயிர்க்கற்றைகள் உள. எறும்புகள் அக்கற்றைகளை ஆர்வத்தோடு நக்குகின்றன. வண்டின் புழுக்கள் எறும்புப் புழுக்களின் அறையிலேயே வளர்கின்றன. எறும்புகள் அவற்றிற்கு வாயூட்டுகின்றன. அவையோ ஊட்டிய உணவோடு அமையாமல் அருகிற் கிடக்கும் எறும்பின் முட்டைகளையும் புழுக்களையும் தின்கின்றன. செங்காட்டெறும்பாகிய பார்மிக்கா சாங்குவினியாவின் புற்றுகளில் லோமெக்கூசாய்டிஸ் பெருகிய இடங்களில், அரசியுமின்றிப் பணிப்பெண்ணுமின்றி இரண்டுங்கெட்ட உருவினவாய்ச் சில எறும்புகள் பிறப்பதையும் அவர் கண்டார். வண்டின் புழுக்களால் வளர்ப்பு கெட்டுப்போனதே இதற்குக் காரணமென்பது அவர் கொள்கை. பிற்காலத்தார் எல்லோரும் அக்கொள்கையை ஒப்பவில்லை. ஆயினும் விருந்தாளி புற்றுக்குக் கேடு செய்கிறான் என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் பெரிய வினா எழுந்தது. டார்வின் கூறிய இயற்கைத் தெரிவின்படி, தனக்குக் கேடான பழக்கம் எவ்வுயிரிடத்தும் நெடுங்காலம் நிலைபெறலாகாது. தன் பிள்ளைகளைப் பலியிட்டு அயலான் பிள்ளையை வளர்க்கும் எறும்பு எவ்வாறு அழியாமலிருக்கிறது? வாஸ்மன் இதற்கு ஒரு விடை கூறினார். எறும்புகளிடத்து விருந்தோம்பும் இயல்புணர்ச்சியொன்று தனியே அமைந்திருக்கிறது. அவ்வுணர்ச்சியினால் எறும்புகள் தமக்கு இனியவாகிய வண்டுகளைத் தேர்ந்து தேர்ந்து பேணி, உழவர் நல்ல மாட்டை வளர்த்தெடுப்பதுபோல், மயிர்க்கற்றையும் சுரப்பியும் மிகுந்த விருந்தாளிகளை வளர்த்தெடுத்தன என்றார். நட்பினால் நிகழுந் தெரிவு என அதற்குப் பெயருமிட்டார். அவர் பரிணாமத்தை முற்றும் மறுத்தவரல்லர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். விருந்தாளி வண்டுகள் தனித்து வாழ்ந்த முன்னோரிலிருந்து மாறி வந்தவை என்பதை எறும்புப் புற்றுகளே தமக்குக் காட்டின என அவர் ஒப்புக்கொண்டார். மனிதனின் ஆன்மா அவ்வாறு வந்ததென்பதை ஒப்பவில்லை. 1907ஆம் ஆண்டு பெப்ருவரியில் பெர்லின் மாநகரில் இப்பொருள்பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றி, இறுதி நாளில் எதிர்த்தரப்பு அறிஞர் பலரோடு வெளிப்படையாக வாதிட்டார். கையளவு புற்றிற் கண்ட பூச்சியொன்று பெருநகரத்து மண்டபத்தில் வாதப்பொருளானது அவர் காலத்துப் புதுமைகளுள் ஒன்று.

வேறு சிலர் எளிய விடையொன்று கூறினர். வண்டு சுரக்கும் திரவம் மதுபோன்றது. எறும்புகள் அதற்கு அடிமையாகி, குடிகாரன் மனைவி மக்களை மறப்பதுபோல் தம் பிள்ளைகளை மறக்கின்றன என்பது அவ்விடை. மதுவிலக்குப் பிரசங்கத்துக்கு இதனினும் நல்ல உவமை கிடையாது. ஆனால் உவமை வேறு, சான்று வேறு. வாஸ்மன் பாதிரியாரின் விடையையும் எல்லோரும் ஏற்கவில்லை. அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் மார்ட்டன் வீலர் போன்றோர், விருந்தோம்பற்கெனத் தனி உணர்ச்சி ஒன்று எறும்பினிடத்து இல்லை. தன் பிள்ளையைப் பேணும் உணர்ச்சியே இடந்தவறி வண்டின்மேற் செல்கிறது என்றனர். இரு திறத்தாரும் கண்ட காட்சி ஒன்றே. பொருள் கொண்டதே வேறு. வெறுங்கண்ணால் நோக்கிக்கொண்டிருப்பதனால் மட்டும் இவ்வழக்குத் தீராது. வண்டை எறும்பு தூக்கிச் செல்வது எதற்காக என்பதை அறிய, வண்டிலிருந்து ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பார்க்கவேண்டும்.

அவ்வாறு பார்த்தவர் ஜெர்மானிய அறிஞர் பெர்ட் ஹோல்டாப்ளர். 1967 முதல் 1971 வரை அவர் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இத்துறையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கின. அவர் முதலில் எடுத்துக்கொண்டது புழுவை. அப்போதுதான் கொல்லப்பட்ட வண்டுப் புழுக்கள் சிலவற்றின் உடல் முழுவதும் அரக்குப் பூசி, பூசாத புழுக்களோடு புற்றின் வாயிலருகே வைத்தார். பூசாதவற்றை எறும்புகள் விரைந்து தூக்கிச் சென்று குழந்தையறையிற் சேர்த்தன. பூசியவற்றைப் பொருட்படுத்தாது விட்டன. அல்லது குப்பைமேட்டிற் கொண்டுபோய் எறிந்தன. ஒரேயொரு கண்டத்தை மட்டும் பூசாது விட்டால், அப்புழு மீண்டும் குழந்தையறைக்கே சென்றது! பிறகு அசெட்டோன் முதலிய திரவங்களாற் புழுவின் உடலிலுள்ள சுரப்பைக் கழுவியெடுத்தார். கழுவிய புழுவை எறும்புகள் மதிக்கவில்லை. கழுவியெடுத்த நீரில் வடிதாள் துண்டொன்றைத் தோய்த்து வைத்தாரோ, அக்காகிதத்தைத் தூக்கிச் சென்று தம் பிள்ளைகளோடு கிடத்தின. தோய்க்காத காகிதம் குப்பைக்குச் சென்றது.

இச்சோதனையின் பொருளை நிதானித்து நோக்கவேண்டும். செத்த புழு அசையாது. காகிதத்துக்கு வடிவமே வேறு. ஆகவே எறும்பு தன் பிள்ளையை அறிவது கண்ணாலுமன்று, அசைவாலுமன்று. இருட்டறையில் வாழும் அதற்குப் பிள்ளை என்பது ஒரு மணம். அம்மணத்தைப் போன்றதொன்றை வண்டுப் புழு தன் முதுகுப்புறத்துக் கண்டங்களிலுள்ள சுரப்பிகளாற் சுரக்கிறது. எறும்பு ஏமாறியது குடிவெறியாலன்று, விருந்தோம்பும் வேட்கையாலுமன்று. தன் தாய்மைக் கடமையைத் தவறாது செய்ததனாலேயே ஏமாந்தது.

மணத்தால் இடம்பிடித்த புழு, வாயூட்டைப் பெறுவதற்கு வேறொரு தந்திரம் செய்கிறது. எறும்புப் புழு பசித்தால் தலையை நிமிர்த்தி, தன்னைத் தொடும் செவிலியின் வாயைத் தன் வாயால் நாடும். வண்டுப் புழுவும் அவ்வாறே செய்கிறது. ஆயின் அதனினும் வேகமாகவும் விடாப்பிடியாகவும் செய்கிறது. எறும்புக்கு இரு வயிறுகள் உண்டு என்னலாம். ஒன்று தனக்கு, மற்றொன்று ஊருக்கு. ஊர்வயிற்றில் அடைத்துவந்த உணவைத் துளித்துளியாகக் கக்கிக் கேட்போர்க்கெல்லாங் கொடுப்பதே எறும்புகளின் வழக்கம். மிகுதியாகக் கேட்டவனுக்கு மிகுதி. கதிரியக்கப் பொருள் கலந்த உணவை எறும்புகளுக்கு அளித்து, அவ்வுணவு எங்கெங்குச் செல்கிறது என்று அளந்தபோது, வண்டுப் புழுக்கள் எறும்புப் புழுக்களினும் பெரிய பங்கைப் பெறுவது தெரிந்தது. அழுத பிள்ளைக்கே பால் என்னும் நம் ஊர்ப் பேச்சு புற்றுக்குள்ளும் செல்லும்போலும்.

அப்படியாயின் புற்று ஏன் பாழாகவில்லை? விடை வண்டுப் புழுவின் குணத்திலேயே இருக்கிறது. பக்கத்திற் கிடப்பதைத் தின்னும் அப்புழு, கிடப்பது எறும்பின் பிள்ளையா தன் உடன்பிறப்பா என்று பார்ப்பதில்லை. எறும்புப் புழுக்கள் கும்பல் கும்பலாகக் கிடக்க, வண்டுப் புழுவை ஒவ்வோரிடத்தில் ஒவ்வொன்றாகவே காண்பதற்குக் காரணம் இதுவே. இரண்டு கூடினால் ஒன்றுதான் மிஞ்சும். எறும்பு செய்யாத காவலை வண்டின் பேராசை செய்துவிடுகிறது.

இதனோடு வாஸ்மன் பாதிரியார் கண்ட மற்றொரு காட்சியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர் நோக்கின் நுட்பத்துக்கு இது நல்ல சான்று. எறும்புப் புழு கூடு நூற்குங் காலத்தில், செவிலிகள் அதனை மண்ணாற் போர்த்துவிட்டு, கூடு முடிந்தபின் தோண்டியெடுத்துத் துடைத்து வேறிடத்தில் வைப்பது வழக்கம். லோமெக்கூசாய்டிஸ் புழுக்களுக்கும் அவை அன்போடு அவ்வாறே செய்கின்றன. ஆனால் இப்புழுவின் மென்மையான கூடு தோண்டுதலைத் தாங்காது; எடுத்தவுடன் சிதைந்து புழு மடிந்துவிடுகிறது. செவிலிகள் மறந்துவிட்ட சில கூடுகளிலிருந்தே வண்டுகள் வெளிவருகின்றன என்றார் அவர். பகைவனைப் பேணியதால் வந்த கேட்டைப் பேணலின் மிகுதியே ஓரளவு தீர்த்துவிடுகிறது. இதனை ஒரு கதையாசிரியன் கற்பித்திருந்தால், நம்பத்தகாதது என்று நாமே ஒதுக்கியிருப்போம்.

இனி லோமெக்கூஸா பூபிக்கோலிஸ் வண்டின் இடமாற்றத்தைக் காண்போம். இலையுதிர்காலந் தொடங்குகையில் கூட்டினின்றும் வெளிவரும் இளவண்டு, இனம்பெருக்கும் பக்குவத்தை இன்னும் அடையாதது. காட்டெறும்புப் புற்றிலோ குளிர்காலத்திற் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இல்லாதபோது வாயூட்டும் ஓய்ந்துவிடும். எறும்புகள் ஆழத்திற் சென்று மரத்துக் கிடக்கும். அங்கே தங்கினால் வண்டு பட்டினியே. மிர்மிக்காவின் வளையில் அப்படியன்று. அவ்வெறும்பின் புழுக்கள் குளிர்காலத்தையும் வளைக்குள்ளேயே கழிக்கின்றன, உணவோட்டம் நிற்பதில்லை. ஆகவே வண்டு காட்டெறும்புகளிடம் கேட்டுண்டு வயிற்றை நிரப்பிக்கொண்டு, புற்றைவிட்டுப் புறப்படுகிறது. அக்காலத்தில் அதற்கு ஓட்டமும் மிகுதி, ஒளியின்மேல் நாட்டமும் மிகுதி. அடர்ந்த காட்டில் ஒளி தோன்றும் திசை காட்டின் ஓரம், ஓரத்திற்கு அப்பால் புல்வெளி, புல்வெளியில் மிர்மிக்கா. அங்குச் சேர்ந்தபின் காற்றில் மிதந்துவரும் மிர்மிக்காவின் மணத்தைப் பற்றிக்கொண்டு வளையின் வாயிலைக் கண்டுபிடிக்கிறது. குளிர்காலம் முழுவதும் உண்டு, பருவமெய்தி, இளவேனிலில் மீண்டும் காட்டிற்குத் திரும்புகிறது. இம்முறை அதனை இழுப்பது காட்டெறும்பின் மணம். அங்கே கூடி முட்டையிடுகிறது. காடும் அதனையடுத்த புல்வெளியும் சேர்ந்தாலன்றி இவ்வண்டுக்கு ஓராண்டு நிறைவதில்லை.

மிர்மிக்காவின் வாயிலில் நிகழும் நாடகத்தையே நாம் இக்கட்டுரையின் நடுப்பொருளாக எண்ணுகிறோம். வாயிலை அணுகிய வண்டு உள்ளே ஓடிவிடுவதில்லை. எதிர்ப்பட்ட எறும்பைத் தன் உணர்கொம்புகளால் மெல்லத் தட்டுகிறது. பிறகு வயிற்றை வளைத்து, அதன் நுனியை எறும்பின் முகத்துக்கு நேரே நீட்டுகிறது. நுனியிலுள்ள சுரப்பியின் நீரை எறும்பு நக்கியதும் அதன் சினம் தணிந்துவிடுகிறது. சினந் தணிந்த எறும்பு வண்டின் விலாப்புறத்தை நாடுகிறது. அங்கே வாஸ்மன் கண்ட மயிர்க்கற்றைகளும், அவற்றின் அடியில் வேறொரு சுரப்பி வரிசையும் உள. வண்டு தன் வயிற்றைத் தாழ்த்தி அவற்றை எறும்புக்கு எட்டச் செய்கிறது. அந்நீரையும் சுவைத்தபின், எறும்பு அம்மயிர்களையே பிடியாகப் பற்றி வண்டைத் தூக்கிக்கொண்டு குழந்தையறைக்குச் செல்கிறது. இப்பக்கச் சுரப்பிகளை அடைத்துவிட்டாற் புற்றார் வண்டை ஏற்பதில்லை என ஹோல்டாப்ளர் கண்டார். முதற்சுரப்பி பகையைத் தணிப்பது. இரண்டாவது உறவை உண்டாக்குவது. இவையன்றித் தற்காப்புச் சுரப்பியொன்றும் முதுகில் உண்டு. அதன் காரமான நீரால் தாக்கும் எறும்பை விரட்டலாம். ஆயினும் விருந்தாளி அதனை எளிதில் வெளிவிடுவதில்லை. வாயிலில் நின்று வாளை உருவுபவனுக்கு வரவேற்பு ஏது?

வீட்டிற்குட் சென்ற வண்டு உண்ணும் முறையும் அத்தகையதே. அருகில் வரும் எறும்பை உணர்கொம்பாற் தட்டுகிறது. எறும்பு திரும்பியதும் அதன் கீழுதட்டை முன்காலால் தொடுகிறது. உடனே ஒரு துளி உணவு வெளிவருகிறது. எறும்பும் எறும்பும் தம்முள் உணவு கேட்பது இதே முறையிற்றான். இச்சைகை எத்துணை எளியது என்பதைக் காட்ட, ஹோல்டாப்ளர் மனிதத் தலைமயிர் ஒன்றின் நுனியால் எறும்பின் கீழுதட்டைத் தொட்டார். எறும்பு அம்மயிருக்கும் உணவைக் கக்கிற்று! வயிறு நிறைய உண்டு வந்த எறும்பாயின் இது மிக எளிதாக நிகழும். நம் விலங்கியல் மாணவர் பொறுமையும் உருப்பெருக்கியும் உடையராயின், இதனைத் தாமே முயன்று பார்க்கலாம்.

உறவினங்கள் இவ்வாழ்வை வேறுவேறு வகையில் நடத்துகின்றன. லோமெக்கூசாய்டிஸ் ஸ்ட்ரூமோசஸ் கோடையிலுங் குளிரிலும் செங்காட்டெறும்பின் ஒரே வீட்டாரிடமே தங்குகிறது, வீடு மாறுவதில்லை. வட அமெரிக்கக் காடுகளில் வாழும் ஜெனோடூஸா என்னும் உறவினம், கோடையில் பார்மிக்காவிடமும் குளிரில் மரத்தைக் குடையும் பெரிய காம்போனோட்டஸ் எறும்பிடமும் இருக்கிறது. மிர்மிக்காவைப் போலவே காம்போனோட்டஸும் குளிர்காலத்திற் புழுக்களை வைத்திருப்பது என்பதை நோக்கினால், வண்டு எக்காரணத்தால் வீடு மாறுகிறது என்பது தெளிவாகும்.

வாஸ்மன் எழுப்பிய வழக்கு இப்போது எந்நிலையில் நிற்கிறது? நட்பினால் நிகழுந் தெரிவு என்ற கொள்கை இன்று நிலைபெறவில்லை. எறும்பு வண்டைத் தேர்ந்தெடுக்கவில்லை; எறும்பின் சைகைகளைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்ட வண்டே பிழைத்தது. எறும்பின் பேச்சோ மிகச் சிலவாகிய மணங்களாலும் தொடுதல்களாலும் ஆகியது. அச்சிலவற்றைக் கொண்டே இலக்கம் பேர் கொண்ட ஊரை அது குழப்பமின்றி நடத்துகிறது. சொற்கள் சிலவேயாதலால் அவற்றை அயலான் கற்பதும் எளிதாயிற்று. எல்லோரையும் ஐயுற்று, ஒவ்வொரு பிள்ளையையும் பலமுறை சோதித்தபின்னரே ஊட்டும் புற்று ஒன்றிருப்பின், அங்கே வண்டு நுழையாது. ஆனால் பிள்ளைகளும் பசியால் மடியும். கேட்டவுடன் கொடுக்கும் வழக்கத்தால் ஊருக்கு வரும் இலாபம் பெரிது. விருந்தாளியால் வரும் நஷ்டம் சிறிது. ஆகவே டார்வினின் கொள்கைக்கு இது முரணன்று. எனினும் மயிர்க்கற்றையும் சுரப்பியுமே விருந்தின் திறவுகோல் என்று முதலில் நோக்கிச் சொன்ன பெருமை வாஸ்மனுக்கே உரியது. அவர் கொள்கை வீழ்ந்தபின்னும் அவர் குறிப்பேட்டுக் காட்சிகள் வீழவில்லை; ஹோல்டாப்ளர் அரக்கும் வடிதாளுங் கொண்டு தொடங்கியது அவர் நிறுத்திய இடத்திலிருந்தே.

இத்தகைய விருந்து எவ்வளவு பழமையானது என்பதற்குக் கல்லாய் உறைந்த மரப்பிசினாகிய அம்பரில் சான்று கிடைத்திருக்கிறது. குறுஞ்சிறகர் குடும்பத்தில் இவ்வாழ்வு ஒருமுறை மட்டும் தோன்றியதன்று. படையெடுத்துத் திரியும் எறும்புகளோடு அவ்வெறும்பின் உருவையே பெற்றுத் திரியும் வண்டுகள் குறைந்தது 12 முறை தனித்தனியே தோன்றின என்று மருயாமா, பார்க்கர் என்னும் இருவர் 2017இல் வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டில், பர்மா நாட்டு அம்பரிலிருந்து, சமூகமாக வாழும் பூச்சிகளோடு கூடிவாழ்ந்ததெனக் கருதத்தக்க குறுஞ்சிறகு வண்டொன்று விளக்கப்பட்டது. அதன் வயது ஏறக்குறைய 9 கோடியே 90 இலட்சம் ஆண்டு. 2014இல் விளக்கப்பட்ட மற்றொன்று நம் நாட்டது. குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்து அம்பரிற் கிடைத்த அச்சிறு வண்டுக்குப் புரோட்டோகிளாவிகர் எனப் பெயரிட்டனர். வயது ஏறக்குறைய 5 கோடியே 20 இலட்சம் ஆண்டு. இன்று எறும்புப் புற்றில் வாழும் அதன் வழியினருக்கு வயிற்றின் மேற்கண்டங்கள் சில ஒன்றாய் இணைந்து ஒரே தகடாய் இருக்கின்றன. குஜராத்து வண்டிலோ அவை இன்னும் தனித்தனியே பிரிந்துள்ளன. ஆயினும் எறும்பு நக்குவதற்குரிய மயிர்க்கற்றைகள் வயிற்றின் அடியில் அப்போதே முளைத்திருக்கின்றன.